விபூதியைக் காணோம்: உச்சிவெயிலில் கேமராத் திரை காட்டுவதும் காட்டாததும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில் இறக்கும்வரை தைப்பூசக் காவடிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. அக்கா மகன் முதன்முறையாகக் காவடி எடுத்த ஆண்டு, கேமராவோடு அந்தத் தூரம் முழுக்க நானும் உடன் நடந்தேன். வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். அலகு குத்தி, காவடியைப் பூட்டி, வரிசை நகர்ந்து சாலைக்கு வந்தபோது மணி 12-ஐத் தாண்டியிருந்தது.

முதல் பத்துப் படங்களை எடுத்துவிட்டுப் பின்திரையைப் பார்த்தேன். எல்லாமே இருட்டு. பையனின் முகம் ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிந்தது; அதன்மேல் என் முகமும் என் வெள்ளைச் சட்டையும் தெரிந்தன. ஒளி போதவில்லை போலும் என்று அளவை ஒரு படி, அதாவது இரண்டு மடங்கு, கூட்டினேன். சிறிது தூரம் போய் மறுபடியும் பார்த்து, இன்னும் அரைப்படி. இப்போது திரையில் படம் பார்க்கும்படியாக வந்துவிட்டது. மனநிறைவோடு 300 படங்களுக்கு மேல் எடுத்துத் தள்ளினேன்.

அன்றிரவு ஈசூனில் அக்கா வீட்டில் மடிக்கணினியைத் திறந்தோம். காவடியின் எஃகு வளைவுகள் வெறும் வெள்ளைக் கீற்றுகளாக இருந்தன. வேட்டியில் ஒரு மடிப்புகூட இல்லை. காகிதத்தை வெட்டி ஒட்டியது போலிருந்தது. அக்கா நெருங்கி வந்து பார்த்தார். "தம்பி, இவன் நெற்றியில் விபூதியைக் காணோமே?" என்றார். விபூதி இருந்தது. வியர்வையின் மினுமினுப்போடு சேர்ந்து நெற்றியே ஒரு வெள்ளைத் திட்டாகப் போனதில் மூன்று பட்டைகளும் கரைந்துவிட்டன. கேமராவே பதப்படுத்திச் சுருக்கிவிடும் ஜேபெக் கோப்பாக எடுத்த படங்கள், மீட்க வழியில்லை.

அக்காவின் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவை இவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெயிலில் கேமராத் திரையிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியில் ஒரு பங்கு படத்தினுடையது, மறுபங்கு நீங்கள் நிற்கும் இடத்தினுடையது. கண்ணால் அவற்றைப் பிரிக்க முடியாது. எனவே படம் வெளிச்சமாக வந்திருக்கிறதா, இருட்டாக வந்திருக்கிறதா என்ற ஒரு கேள்வியை மட்டும் அந்தத் திரையிடம் கேட்கவே கூடாது.

ஏன் என்பதற்குச் சில எண்கள் வேண்டும். ஓரிடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகிலும், ஒரு பரப்பு கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதை நிட் என்ற அலகிலும் அளக்கிறார்கள். அலுவலக மேசைமேல் விழுவது ஏறத்தாழ 500 லக்ஸ். மேகமற்ற உச்சிவெயிலில் திறந்த தரையில் விழுவது சுமார் 100,000 லக்ஸ். இடையே 200 மடங்கு. ஆனால் வீட்டை விட்டு வாசலுக்கு வரும்போது 200 மடங்கு கூடிவிட்டதாக நமக்குத் தோன்றுவதில்லை. கண்மணி சுருங்குகிறது, விழித்திரை தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது, சற்று நேரத்தில் எல்லாம் இயல்பாகிவிடுகிறது.

திரைக்கு அந்த வித்தை தெரியாது. இரவில் அறைக்குள் கண்ணைக் கூசவைக்கும் 600 நிட் திரை வெளியிலும் அதே 600 நிட்தான். வெயில் விழும் வெள்ளைச் சுவரோ 25,000 நிட் அளவுக்கு ஒளிரும். காலடியில் கிடக்கும் கறுத்த தார்ச்சாலைகூட 3,000 நிட்டைத் தொட்டுவிடும். திரை காட்டும் மிகத் தூய வெள்ளை, நீங்கள் மிதித்து நிற்கும் தாரைவிட இருண்டது என்று பொருள். சாலைக்கும் சுவருக்கும் பழகிவிட்ட கண்ணுக்குத் திரையில் எதுதான் வெளிச்சமாகத் தெரியும்?

இது பாதிக் கதை. மறுபாதி கண்ணாடியில் இருக்கிறது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காடு திரும்பி வருகிறது. நான்கு விழுக்காடு அற்பம்போல் தோன்றும். அன்று நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். உச்சிவெயில் தலைக்கு மேலிருந்து வருவதால் நிற்பவரின் மார்பில் அது சரிவாகத்தான் விழும். வானத்திலிருந்தும் தரையிலிருந்தும் வருவதையும் சேர்த்து 40,000 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைத் துணி அதில் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். அப்படியானால் சட்டையின் பிரகாசம் சுமார் 10,000 நிட். அதில் 4 விழுக்காடு திரைக்கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் 400 நிட்.

திரையின் வெள்ளை 600, சட்டையின் பிம்பம் 400. சட்டைதான் ஏறக்குறையப் பாதிப் படம்!

இதனால் வெள்ளைக்கு வரும் சேதம் குறைவு. கறுப்புக்குத்தான் பெரும் சேதம். படத்தில் பையனின் முகம் 40 நிட், தலைமுடி 5 நிட் என்று திரை காட்டுகிறது என்போம். அறைக்குள் இரண்டுக்கும் எட்டு மடங்கு வேறுபாடு. முகம் முகமாகவும் முடி முடியாகவும் தெரியும். வெயிலில் இரண்டின் மீதும் 400 நிட் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. 440-க்கும் 405-க்கும் என்ன வேறுபாடு? கண் இரண்டையும் ஏறக்குறைய ஒரே மங்கலாக எடுத்துக்கொள்ளும். மாநிறமும் கறுப்பும் நிறைந்த நம் முகங்களை எடுக்கும்போது இந்தப் பொய் இன்னும் கூர்மையாகிறது. முகம் தெரியவில்லை என்று பதறி ஒளியைக் கூட்டுகிறோம். கேமரா பதிவு செய்த கோப்பில் முகம் சரியாகவே இருந்திருக்கும். நாம் கூட்டியதில் பறிபோவது நெற்றி, வேட்டி, எஃகு, வானம்.

நிறமும் இதே வழியில் ஏமாற்றும். எல்லா நிறத்தோடும் வெள்ளொளி கலப்பதால் காவி சந்தனமாகத் தெரியும், குங்குமச் சிவப்பு ரோஜாவாகத் தெரியும். அதைக் கண்டு நிற அடர்த்தியைக் கூட்டிவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்த் திறந்தால் எல்லோரும் சாயத்தொட்டியில் விழுந்து எழுந்தவர்கள்போல் இருப்பார்கள்.

கேமரா செய்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பழைய கேமராக்களில் மேல்கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் திரைக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி இருந்தது. மேல்கண்ணாடியின் முன்பக்கம், பின்பக்கம், உள்திரையின் மேற்பரப்பு என்று மூன்று பரப்புகள். ஒவ்வொன்றிலும் 4 விழுக்காடு என்றால் மொத்தம் ஏறத்தாழ 12. என் சட்டையின் 400 நிட் அங்கே 1,200 ஆகியிருக்கும். அந்த இடைவெளியை ஒளி ஊடுருவும் பசையால் நிரப்பிவிட்டால் உள்ளிருக்கும் இரண்டு பிரதிபலிப்புகளும் அநேகமாக ஒழிந்துவிடும். கேனன் தன் சில மாடல்களில் 'கிளியர் வியூ 2' என்று பெயரிட்டுச் செய்தது இதைத்தான். சோனி வேறு வழியில் போனது. 2012-இல் வந்த ஆர்எக்ஸ்100 கேமராவின் திரையில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளோடு நான்காவதாக ஒரு வெள்ளைப் புள்ளியையும் சேர்த்து அதற்கு 'ஒயிட்மேஜிக்' என்று பெயர் வைத்தார்கள். நிறவடிகட்டி இல்லாத அந்தப் புள்ளி வழியாகப் பின்விளக்கின் ஒளி அதிகம் வெளியே வரும்.

இத்தனையும் செய்து அவர்கள் தந்த திரைமேல் நாம் கடையில் நாலு வெள்ளிக்கு வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடியை ஒட்டுகிறோம். அது சரியாக ஒட்டாமல் நடுவே காற்று நின்றால், பசை போட்டு ஒழித்த பிரதிபலிப்பு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. சொரசொரப்பான மேட் தாள் ஒட்டலாமே என்பார்கள். அறைக்குள் அது நல்லது. நேர்வெயிலில் அது ஒளியை ஒரு புள்ளியாகத் திருப்பாமல் திரை முழுவதும் பால் ஊற்றியதுபோல் பரப்பிவிடும். விரல்ரேகையும் சன்ஸ்கிரீன் பிசுக்கும் செய்வதும் அதே வேலைதான். துடைத்தால் பாதித் தொல்லை தீரும். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் யாரும் துடைப்பதில்லை.

இனிச் சிங்கப்பூருக்கே உரிய சிக்கல். வெளிநாட்டுப் புகைப்படக் கையேடுகளைப் புரட்டினால், வெயிலில் திரையைப் பார்க்க வேண்டுமானால் சூரியனுக்கு முதுகைக் காட்டி, உங்கள் உடலின் நிழலில் கேமராவை வைத்துப் பாருங்கள் என்று எழுதியிருக்கும். லண்டனிலோ டோக்கியோவிலோ குளிர்காலத்தில் நண்பகலில்கூட ஆள் உயரத்தைவிட நீளமான நிழல் கிடைக்கும். அங்கே அது நல்ல யோசனை. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறோம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். தைப்பூசம் வரும் நாட்களில்கூட அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 70 பாகை ஏறிவிடும். ஐந்தரை அடி மனிதரின் நிழல் இரண்டடியை ஒட்டித்தான் வரும். அது காலடியில் சுருண்டு கிடக்கும். திரையை மறைக்க எழுந்து வராது.

உச்சிவெயில் எப்போது என்பதிலும் நம் கடிகாரம் ஏமாற்றும். 1982 ஜனவரி முதல் நாள் மலேசியாவோடு ஒத்துப்போவதற்காக இங்கே கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளினார்கள். தீர்க்கரேகைப்படி பார்த்தால் நம் நேரம் ஒரு மணிக்கு மேல் முந்திக்கொண்டிருக்கிறது. அதனால் சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 1 மணியை ஒட்டி. பிப்ரவரித் தொடக்கத்தில் 1.20 ஆகிவிடும். பன்னிரண்டு தாண்டிவிட்டது, இனி வெயில் இறங்கும் என்று அன்று நான் நினைத்தது தவறு. வெயில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

உடல் நிழல் உதவாது என்றால் கட்டட நிழல். லிட்டில் இந்தியா என்னும் நம் தேக்காவில் அதற்குப் பஞ்சமில்லை. நவீன சிங்கப்பூருக்கு அடித்தளமிட்ட ராஃபிள்ஸ் 1822-இல் நகரத் திட்டம் வகுத்தபோதே கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியான கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும் என்று விதித்தார். இன்றும் அந்த ஐந்தடிப் பாதைகள் புகைப்படக்காரர்களுக்குப் புகலிடம். ஆனால் நிழலுக்குள் போனால் மட்டும் போதாது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது அதைவிட முக்கியம். திரை ஒரு கண்ணாடி. அது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைச்சுவரைப் பார்த்து நின்றால், பின்னால் தகிக்கும் சாலை முழுவதும் திரையில் வந்து இறங்கும். சுவருக்கு முதுகைக் கொடுத்துச் சாலையைப் பார்த்து நின்றால், பின்னாலுள்ள மங்கலான சுவர்தான் திரையில் தெரியும். படம் தெளிந்து வரும். நிழல் தேடும்போது நாம் முன்னால் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது முதுகுப் பக்கத்தை. அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே, உள்ளே முதுகு காட்டி நின்றாலும் இதே பலன்.

கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலோ மரினா அணைக்கட்டின் புல்வெளியிலோ கூரை கிடையாது. அங்கே சட்டைதான் கதி. முன்பு போட்ட கணக்கில் வெள்ளைக்குப் பதிலாக 8 விழுக்காடு மட்டுமே திருப்பும் கருநீலத் துணியை வைத்துப் பாருங்கள். 400 நிட் 40 ஆகிவிடும். பத்து வெள்ளிக்குச் சட்டை மாற்றிப் பல நூறு வெள்ளித் திரையை வாங்கியதற்குச் சமம். கறுப்பு இன்னும் நல்லதுதான். ஆனால் முருகன் கோயிலுக்குக் கறுப்புச் சட்டையோடு போனால் அக்கா வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுவார். அதனால் நான் கண்டுபிடித்த சமரசம் மயில்கழுத்து நீலம். முருகனுக்கும் குறையில்லை, திரைக்கும் குறையில்லை.

இவ்வளவு செய்தாலும் திரை முழு உண்மை பேசாது, குறைப் பொய் பேசும், அவ்வளவுதான். ஒளியளவை முடிவு செய்ய அதே திரையில் இருக்கும் வேறொன்று உதவும்: ஹிஸ்டோகிராம். படத்திலுள்ள புள்ளிகளை இருட்டிலிருந்து வெளிச்சம்வரை 0 முதல் 255 வரை வரிசைப்படுத்தி, ஒவ்வோர் அளவிலும் எத்தனை புள்ளிகள் என்று குவித்துக்காட்டும் வரைபடம் அது. இடக்கோடியில் கறுப்பு, வலக்கோடியில் வெள்ளை. மேடு வலச்சுவரில் மோதி நின்றால் வெளிச்சப் பகுதிகள் வெந்துவிட்டன, அதாவது விவரமில்லாத வெறும் வெள்ளையாகிவிட்டன. இதைப் படிக்கத் திரையின் பிரகாசம் தேவையில்லை. கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கடிகாரமுள்ளை அரையிருட்டிலும் படித்துவிடுகிறோமே, அதுபோல.

ஆனால் நம் விழாக்களில் ஹிஸ்டோகிராமும் ஒரு வகையில் ஏமாற்றும். பொதுவாகக் கேமரா காட்டுவது ஒற்றை வெள்ளை வரைபடம். அதில் ஒரு புள்ளியின் வெளிச்சத்தைக் கணக்கிடும்போது சிவப்புக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 என்று பங்கு கொடுத்துக் கூட்டுகிறார்கள். நல்ல காவித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு 255, பச்சை 140, நீலம் 0 என்று இருக்கிறது. பங்கு போட்டுக் கூட்டினால் 159 வருகிறது. வரைபடத்தின் நடுவைச் சற்றுத் தாண்டிப் பத்திரமாக உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். உண்மையில் சிவப்பு உச்சியில் முட்டிவிட்டது. துணியின் நெசவும் மடிப்பும் அந்த நிறத்தில் பதிவாகவே இல்லை. மஞ்சள் வேட்டி, செவ்வந்தி மாலை, குங்குமம், காவடித் துணி என்று தைப்பூசத்தின் பாதி இந்த ஓட்டைக்குள் விழுகிறது. கேமராவில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனி வரைபடம் காட்டும் வசதி இருந்தால் அதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். சிவப்புக் கோடு வலச்சுவரைத் தொட்டால் ஒரு படி இறங்குங்கள்.

வெந்துபோன இடங்களைக் கறுப்பு வெள்ளையாக மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையும் பல கேமராக்களில் உண்டு. நடக்கும்போது ஹிஸ்டோகிராமைப் படிக்க நேரம் இருக்காது. மினுக்கல் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். எஃகு வளைவில் சூரியன் பட்டுத் தெறிக்கும் புள்ளி மினுக்கினால் விட்டுவிடலாம், அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நெற்றி மினுக்கினால் விடக் கூடாது.

கேமரா பதப்படுத்தாமல் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ராக் கோப்பாக எடுப்பவர்கள் ஒரு விஷயத்தை மனத்தில் வைக்க வேண்டும். வரைபடமும் மினுக்கலும் ராக் கோப்பிலிருந்து வருபவை அல்ல. கேமரா தனக்குள் உருவாக்கிக்கொள்ளும் ஜேபெக்கிலிருந்து வருபவை. கோப்பில் அதற்கு மேலும் சற்று இடம் மிச்சமிருக்கும். நிறத்தை எடுப்பாகக் காட்டும் அமைப்பு போட்டிருந்தால் எச்சரிக்கை சீக்கிரமே வந்துவிடும். நிழலில் இருக்கும் முகத்தை வீட்டில் தூக்கிக்கொள்ளலாம், கரைந்துபோன விபூதியை எந்த மென்பொருளாலும் திரும்ப இட முடியாது என்ற கணக்கில், நான் வெயிலில் எப்போதும் அரைப்படி குறைத்தே எடுக்கிறேன். முகத்துக்குச் சிறிது ஃபிளாஷ் கொடுப்பவர்களும் உண்டு. பக்தி மயக்கத்தில் நடப்பவர் முகத்தில் விளக்கடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிலிம் காலத்தவர்களுக்குத் திரையே கிடையாது. அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? பிலிம் பெட்டியிலேயே படம் போட்டு அச்சிட்டிருந்த 'சன்னி 16' என்ற ஒரு விதி போதுமாயிருந்தது. நல்ல வெயிலில் அபர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப் 16-இல் வை. ஷட்டர் வேகத்தை ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறன் எண்ணுக்குச் சமமாக வை. ஐஎஸ்ஓ 100 என்றால் நொடியில் நூறில் ஒரு பங்கு. நடக்கும் காவடிக்கு வேகம் வேண்டும் என்பதால் எஃப் 8, நானூறில் ஒரு பங்கு என்று மாற்றிக்கொள்ளலாம். ஒளி அதே அளவுதான். இந்த விதி சூரியனை நம்புகிறது. பொருள் வெள்ளையா கறுப்பா என்று குழம்பும் கேமராவின் அளவுமானியை அது நம்புவதில்லை. நம் ஊரில் அதற்கு ஒரே பகை மேகம். வெண்மேகம் சூரியனை மறைத்தால் நிமிடத்தில் இரண்டு படி ஒளி போய்விடும். அது விலகினால் திரும்பி வந்துவிடும். அதனால் சன்னி 16 விதியை வேதமாக எடுக்காமல் ஓர் உரைகல்லாக வைத்திருக்கிறேன். கேமரா சொல்லும் எண் இதிலிருந்து இரண்டு படி தள்ளியிருந்தால், ஏன் என்று ஒருமுறை யோசிப்பேன்.

திரையால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. கண் திறந்திருக்கிறதா, கால் வெட்டுப்பட்டிருக்கிறதா, பின்னால் குப்பைத்தொட்டி நிற்கிறதா என்பதையெல்லாம் எவ்வளவு மங்கிய திரையும் சொல்லிவிடும். படம் கூர்மையாக இருக்கிறதா என்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் சொல்லும். 920,000 புள்ளிகள் கொண்ட திரை என்று விளம்பரத்தில் போடுவார்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணிச் சொன்ன கணக்கு அது. உண்மையில் 640-க்கு 480 பிக்சல். 24 மில்லியன் பிக்சல் படத்தை அதற்குள் அடைத்தால், ஏறக்குறைய 80 பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. அவ்வளவு சுருக்கினால் மங்கிய படமும் கூர்மையாகத்தான் தெரியும். கண்ணிமை மயிர் தெரியும்வரை பெரிதாக்க வேண்டும். அதற்கு ஒரே அழுத்தில் முழு அளவுக்குப் போகும்படி ஒரு பொத்தானை அமைத்துக்கொள்வது வெயிலில் பெரிய உதவி.

கண்ணாடியில்லாக் கேமரா என்னும் மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கதவு உண்டு. பின்திரையை விட்டுவிட்டு, எடுத்த படத்தைக் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள்ளேயே பார்க்கலாம். கண்ணைச் சுற்றி ரப்பர் வளையம் அடைத்துக்கொள்வதால் வெயில் உள்ளே வராது. சட்டை பிம்பமும் கிடையாது. நான் இப்போது செய்வது பெரும்பாலும் இதுதான். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குப் பக்கவாட்டில் ஒளி கசியும். அங்கே கையைக் குவித்து அணைக்க வேண்டியிருக்கும். குளிரூட்டிய ரயிலிலிருந்து இறங்கியதும் அந்தச் சின்னக் கண்ணாடி பனிபடிந்து எதுவும் தெரியாமல் போவதும் உண்டு. கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துச் சிறிது நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டால் தப்பலாம்.

இதில் பலர் அறியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. கனமான லென்ஸ் மாட்டிய கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டால் லென்ஸ் தரையைப் பார்க்கும்; வியூஃபைண்டர் வானத்தைப் பார்க்கும். உச்சியில் சூரியன் நிற்கும் ஊரில் அந்தச் சிறு உருப்பெருக்கி நேராகச் சூரியனை நோக்கித் திறந்திருக்கும். சிறுவயதில் உருப்பெருக்கியால் காகிதத்தை எரித்துப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் விரல்நகம் அளவுத் திரையில் நிரந்தரமாகச் சூடுபட்ட தழும்பு விழுந்துவிடும். வியூஃபைண்டரைச் சூரியனை நோக்கி வைக்காதீர்கள் என்று கையேடுகளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இங்கே அதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

போலரைஸ்டு குளிர்க்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. குளிர்க்கண்ணாடி தடுக்கும் தளமும் அதுவும் ஒத்துப்போனால் திரை சுத்தமாகக் கறுத்துவிடும். கேமரா பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பாருங்கள், உயிர் வந்துவிடும்.

கைப்பேசியைப் பார், இந்த வெயிலில் எவ்வளவு தெளிவு என்று என் அக்கா மகன் கேட்டான். நியாயமான கேள்வி. 2022-இல் வந்த ஐபோன் 14 ப்ரோ வெளிவெயிலில் 2,000 நிட்வரை ஏறும். சட்டையின் 400 நிட் அதற்குமுன் நிற்காது. கேமராவிலிருந்து படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்ப்பது நல்ல வழியும்கூட. ஆனால் அதே வெயிலில் பத்து நிமிடம் கையில் பிடித்திருந்தால் கைப்பேசி சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே திரையை மங்கலாக்கிவிடும். காலையில் கண்ட 2,000 நிட்டை மதியம் நம்பிப் பார்த்தால் மறுபடியும் பழைய கதைதான்.

கைவசம் எதுவும் இல்லாதபோது துண்டு இருக்கிறது. தலையையும் கேமராவையும் சேர்த்து மூடிக்கொண்டு உள்ளே பார்த்தால் எந்தத் திரையும் தெரியும். இது புதிதல்ல. பழைய ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற படக்காரர் நினைவிருப்பார். அங்கே தேய்த்த கண்ணாடியில் விழும் மங்கிய பிம்பத்தைப் பார்க்க வேறு வழியே இருந்ததில்லை. புகைப்படக்காரர் ஜான் தாம்சன் 1862-இல் சிங்கப்பூருக்கு வந்து ஸ்டுடியோ வைத்தார். லாம்பர்ட் என்ற இன்னொரு படக்காரர் 1867-இல் கடை திறந்தார். இதே உச்சிவெயிலில், மூன்றுகாலியின் பின்னால், அந்தத் துணிக்குள் எவ்வளவு வியர்த்திருக்கும் என்று நினைத்துப்பார்க்கிறேன். துண்டு வெள்ளையாக இருந்தால் வேலைக்காகாது. வெயில் அதற்குள் ஊடுருவி உள்ளே கூடாரம்போல் பிரகாசிக்கும். கருநிறம் வேண்டும், இரண்டாக மடித்திருந்தால் நல்லது. செய்திப் புகைப்படக்காரர்கள் சிலர் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் குழாய்போன்ற லூப்பும் இதே துணியின் நாகரிக வடிவம்தான். ஒரு முனையைத் திரையில் வைத்து மறுமுனையில் கண்ணை வைத்தால் உள்ளே இருட்டு, படம் பெரிது.

ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து திரையைப் பார்க்கும் பழக்கத்துக்குப் படக்காரர்கள் வட்டாரத்தில் 'சிம்பிங்' என்று கேலிப்பெயர் உண்டு. சிம்பன்சி போல் ஓ ஓ என்று வியப்பதாம். இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகமில்லை. 1975-இல் கோடாக்கில் ஸ்டீவ் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா ஒரு படத்தை நாடாவில் பதிய 23 விநாடி எடுத்தது. பார்க்கத் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். வீட்டு உபயோகக் கேமராவின் முதுகில் திரை வைத்துப் புகழ்பெற்றது 1995-இல் வந்த காசியோ கியூவி-10. திரை வந்த நாளிலிருந்து வெயிலும் அதோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், குனிந்து பார்த்ததால் நான் காப்பாற்றிய படங்களைவிடத் தவறவிட்டவை அதிகம். டேங்க் ரோட்டில் கோயில் வாசலுக்கு வந்ததும் பையன் ஒருமுறை தன் அம்மாவைத் தேடித் திரும்பிப் பார்த்தான். அப்போது நான் ஐந்தடிப் பாதையில் நின்று திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டும் அவன் காவடி எடுத்தான். மயில்கழுத்து நீலச் சட்டை, ராக் கோப்பு, அரைப்படி குறைவு, மூன்று நிற வரைபடம். திரையின் பிரகாசத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டேன், எண்களையும் கண்களையும் பார்க்க மட்டும். படங்கள் நன்றாக வந்தன. விபூதியின் மூன்று பட்டைகளையும் அக்கா விரலால் தொட்டு எண்ணினார்.

ஆனால் அந்த உச்சப் பிரகாசத்தை இறக்க மறந்துவிட்டேன். மறுவாரம் ஒரு நண்பர் வீட்டு மாலை விருந்தில் எடுத்த படங்களெல்லாம் திரையில் ஜொலித்தன. அரையிருட்டில் அந்த வெளிச்சத்தைக் கண்டு அளவைக் குறைத்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லோரும் நிழலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது வெயிலில் திரையை ஏற்றும்போதெல்லாம், எங்கள் அம்மா மறதிக்கு முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வதுபோல், கேமரா வாரின் நுனியில் ஒரு முடிச்சுப் போடுகிறேன். பிரகாசத்தை இறக்கிய பிறகுதான் அதை அவிழ்ப்பது.